கேஸ் ஸ்டேஷன் கம்மியும் மாநிலச் சட்டமும்: அமெரிக்காவில் ஹெம்ப் டி.எச்.சி. விற்பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெம்ப் செடியிலிருந்து வரும், போதை தரும் டி.எச்.சி. கலந்த கம்மிகள் (gummy என்ற மெல்லும் மிட்டாய்கள்) அமெரிக்காவில் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. இது சட்டப்படி சரியா என்று அங்கே இருக்கும் நம்மவர்களில் மூன்று வகையினர் கேட்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று ஒரு பாக்கெட் வாங்கியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளையின் பையில் ஏதோ ஒரு டப்பாவைப் பார்த்துவிட்ட பெற்றோர். மூவருக்குமான பதில்கள் கீழே இருக்கின்றன. எல்லாம் 2025 கடைசி வரையிலான நிலவரம். இந்த விஷயத்தில் சட்டம் அடிக்கடி மாறுவதால், வாங்கும் முன்னும் விற்கும் முன்னும் உங்கள் மாநிலத்தின் அரசு இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கஞ்சா தடை செய்யப்பட்ட மாநிலத்தில்கூட பெட்ரோல் பங்கில் போதை தரும் கம்மி மிட்டாய் விற்கிறார்களே, எப்படி?

2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான விவசாயச் சட்டம்தான் காரணம். கஞ்சாவும் ஹெம்ப்பும் ஒரே செடி. போதை தருவது அதிலுள்ள டெல்டா-9 டி.எச்.சி. என்ற பொருள். உலர்ந்த எடையில் அது 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்தச் செடி கஞ்சா அல்ல, ஹெம்ப் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதோடு நிற்கவில்லை. செடியிலிருந்து எடுக்கும் சாறு, டி.எச்.சி. போன்ற செடிப் பொருட்களான கன்னாபினாய்டுகள், அணு அமைப்பு மட்டும் மாறிய அவற்றின் வடிவங்களான ஐசோமர்கள் எல்லாவற்றையும் அதே வரையறைக்குள் சேர்த்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது.

கயிறு, துணி, விதை எண்ணெய், சி.பி.டி. (இதே செடியிலுள்ள, போதை தராத பொருள்) எண்ணெய் என்று விவசாயிக்கு ஒரு புதுப்பயிர் கிடைக்கட்டும் என்பதுதான் அப்போது பேசப்பட்ட நோக்கம். வயலில் நிற்கும் செடிக்காக எழுதிய அந்த வரி கடை அலமாரிக்கும் பொருந்திப்போனது. இன்றைய தலைவலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

0.3 சதவீதம் என்பது ஒன்றுமே இல்லாத அளவுதானே?

செடியில் பார்த்தால் ஆமாம். 1976-இல் இரண்டு தாவரவியலாளர்கள் இந்தச் செடி இனத்தை வகைப்படுத்தும்போது, எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டுமே என்று எடுத்துக்கொண்ட எண் அது. இவ்வளவு சாப்பிட்டால் போதை ஏறும், இவ்வளவுக்கு ஏறாது என்று அளந்து வைத்த எல்லை அல்ல.

மிட்டாயில் கணக்கே வேறு. ஒரு கம்மியின் எடை 4 கிராம் என்று வையுங்கள். 4,000 மில்லிகிராமில் 0.3 சதவீதம் 12 மில்லிகிராம். கஞ்சா சட்டபூர்வமான பல மாநிலங்களில், டிஸ்பென்சரி எனப்படும் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் விற்கும் ஒரு கம்மியில் இருப்பதே 5 அல்லது 10 மில்லிகிராம்தான். ஆக, சதவீதத்தில் 'ஒன்றுமே இல்லாத' ஹெம்ப் கம்மி, டிஸ்பென்சரி கம்மியைவிட வலுவாக இருந்தாலும் 2018 வரையறைக்குள் அடங்கிவிடும். 355 மில்லி பானக் கேனுக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். திரவத்துக்கு உலர்ந்த எடையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் அது தனி வம்பு.

அண்டா சாம்பாரில் உப்பு எத்தனை சதவீதம் என்பது சமைக்கிறவருக்கு வேண்டிய கணக்கு. இரத்த அழுத்தக்காரருக்கு வேண்டியது தன் தட்டில் எத்தனை கிராம் விழுகிறது என்பது. மத்திய அரசு சதவீதத்தோடு நின்றுவிட்டது. மாநிலங்கள் அதன் பிறகு செய்துகொண்டிருப்பதில் பெரும்பகுதி, இந்தச் சதவீதத்தை மில்லிகிராமாக மாற்றும் வேலைதான். எந்த மாநிலச் சட்டத்தைப் படித்தாலும் முதலில் 'ஒரு சர்விங்குக்கு எவ்வளவு, ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு' என்ற வரியைத் தேடுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

டெல்டா-8, டி.எச்.சி.ஏ. என்கிறார்களே, அவை என்ன?

டெல்டா-8 என்பது டி.எச்.சி.யின் இன்னொரு வடிவம். செடியில் இயற்கையாக இருப்பது மிகமிகக் குறைவு. கடையில் கிடைப்பது சி.பி.டி.யை அமிலத்தோடு சேர்த்து வினைபுரிய வைத்து, ஆய்வுக்கூடத்திலோ ஷெட்டிலோ உருமாற்றியது. போதை டெல்டா-9 அளவுக்கு இருக்காது, ஆனால் உண்டு. சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் கரைப்பான் எச்சமும், பெயர் தெரியாத துணைப் பொருட்களும் உள்ளே தங்கிவிடும். எனக்கு டெல்டா-8-இன் போதையைவிட இதுதான் பெரிய கவலை.

டி.எச்.சி.ஏ. வேறு ரகம். பச்சைப் பூவில் இருக்கும் அமில வடிவம் அது. அப்படியே தின்றால் போதை இல்லை. தீ வைத்தால் டி.எச்.சி. ஆகிவிடும். ஆய்வகங்கள் டி.எச்.சி.ஏ. அளவை 0.877 ஆல் பெருக்கி, அதோடு டெல்டா-9-ஐக் கூட்டி 'மொத்த டி.எச்.சி.' என்று போடுவார்கள். டெல்டா-9 0.2 சதவீதமும் டி.எச்.சி.ஏ. 20 சதவீதமும் உள்ள பூவை எடுத்துக்கொண்டால், மொத்தம் கிட்டத்தட்ட 17.7 சதவீதம். அது எந்தக் கணக்கிலும் கஞ்சாதான். விற்கிறவர் அந்த 0.2-ஐ மட்டும் காட்டி 'ஹெம்ப் பூ' என்பார். மொத்த டி.எச்.சி.யைப் பார்க்கும் மாநிலத்தில் இந்த வித்தை செல்லாது.

உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. என்ன செய்துகொண்டிருந்தது?

எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. சி.பி.டி.யை உணவில் சேர்க்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. 2023 ஜனவரியில், இருக்கிற விதிகள் சி.பி.டி.க்குப் பொருந்தவில்லை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் புது வழி காட்டட்டும் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், பிரபல சிப்ஸ், மிட்டாய் பாக்கெட்டுகளைப் போலவே உறை போட்டு டெல்டா-8 விற்ற ஆறு நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யோடு சேர்ந்து கடிதம் போனது. நாடு முழுக்க ஒரே வயது வரம்பு, ஒரே மில்லிகிராம் வரம்பு என்று எதுவும் வரவில்லை.

மத்தியச் சட்டம் அனுமதித்ததை ஒரு மாநிலம் தடுக்க முடியுமா?

முடியும். நீதிமன்றங்களில் இது நன்றாகவே அலசப்பட்டுவிட்டது.

2022 மே மாதம், மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாவது சர்க்கியூட் நீதிமன்றம், ஹெம்ப்பிலிருந்து வந்த டெல்டா-8 2018 வரையறைக்குள் வருகிறது என்றது. வேப் என்ற மின்சிகரெட் விற்கும் ஒரு நிறுவனத்தின் வர்த்தகக்குறி வழக்கு அது. தொழில்காரர்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு மத்தியச் சட்டத்தைப் பற்றியது. மாநிலம் தடை போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. வர்ஜீனியா ஒரு பாக்கெட்டுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததை எதிர்த்த வழக்கில், 2025 ஜனவரியில் நான்காவது சர்க்கியூட் மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆர்கன்சா 2023-இல் கொண்டுவந்த தடைக்குக் கீழ்நீதிமன்றம் போட்டிருந்த தடையாணையை 2025 ஜூனில் எட்டாவது சர்க்கியூட் விலக்கியது.

மாநிலம் செய்யக் கூடாதது, சட்டப்படி விளைந்த ஹெம்ப் தன் எல்லை வழியாக வேறு மாநிலத்துக்குப் போவதைத் தடுப்பது. தன் எல்லைக்குள் விற்பனையைத் தடுக்கலாம். 'ஃபெடரல் லீகல், அண்ணா, ஒண்ணும் ஆகாது' என்று மொத்த வியாபாரி சொன்னால், இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

முறைப்படுத்தி விற்கவிட்ட மாநிலம் ஏதாவது உண்டா?

மினசோட்டா. 2022 ஜூலை 1 முதல் 21 வயது நிறைந்தவர்களுக்கு, ஒரு சர்விங்குக்கு 5 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 50 மில்லிகிராம் வரை டி.எச்.சி. கலந்த தின்பண்டமும் பானமும் விற்கலாம் என்றார்கள். பெரியதொரு சுகாதார மசோதாவுக்குள் ஒரு பிரிவாக அது நுழைந்திருந்தது. எதற்கு வாக்களித்தோம் என்பதே சில உறுப்பினர்களுக்குப் பிறகுதான் புரிந்தது என்று அப்போது பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது. தொடக்கத்தில் உரிமமும் இல்லை, தனி வரியும் இல்லை.

ஆனால் அந்த 5 மில்லிகிராம் என்ற எண் நின்றுவிட்டது. மதுபான ஆலைகள் சாராயம் இல்லாத டி.எச்.சி. சோடா தயாரிக்கத் தொடங்கின. மதுக்கடைகளில் பீருக்குப் பக்கத்திலேயே அது அடுக்கப்பட்டது. 2023-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது இதையும் 'குறைந்த வீரிய ஹெம்ப் தின்பண்டம்' என்று தனி வகையாக அதே சட்டத்தில் சேர்த்து, 10 சதவீத வரி போட்டார்கள். 2025 ஜூலையில் அது 15 ஆனது. இப்போது மேற்பார்வை மாநிலத்தின் கஞ்சா மேலாண்மை அலுவலகத்திடம் இருக்கிறது. பானத்துக்கு ஒரு கேனில் 10 மில்லிகிராம்தான் உச்சம். கம்மி பாக்கெட்டுகள் கல்லாவுக்குப் பின்னாலோ பூட்டிய அலமாரியிலோ இருக்க வேண்டும். பாருக்கும் விதி உண்டு: உங்களிடம் மது வாங்கிக் குடித்தவருக்கு அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு நீங்கள் டி.எச்.சி. விற்கக் கூடாது. கல்லாவில் நிற்கும் பையன் இதை எப்படி நினைவில் வைப்பான் என்று கேட்கத் தோன்றும்தான். ஆனாலும் இதை எழுதியவர் பார் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்.

2025 அக்டோபரில் டார்கெட் என்ற பெரிய சில்லறைக் கடை நிறுவனம் தன் சொந்த மாநிலமான மினசோட்டாவில் சில கடைகளில் டி.எச்.சி. பானத்தைச் சோதனையாக விற்றுப் பார்த்தது. ஓட்டையாகத் தொடங்கிய தொழில் அவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது.

டெக்சஸில் தடை வந்ததா, வரவில்லையா?

வந்தது போல வந்து நின்றுவிட்டது. அங்கே ஹெம்ப் விற்பனைக்குக் கதவு திறந்தது 2019-இல். கஞ்சா சட்டவிரோதமாகவே இருக்க, ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. துணை ஆளுநர் டான் பேட்ரிக் இதை ஒழித்தே தீருவேன் என்று வரிந்து கட்டினார். டி.எச்.சி. உள்ள ஹெம்ப் பொருட்களைத் தடுக்கும் எஸ்.பி. 3 மசோதா 2025-இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜூன் 22 அன்று, கெடு முடிய சில நிமிடங்களே இருக்கும்போது ஆளுநர் கிரெக் அபாட் அதை வீட்டோ செய்தார். ஒரே கட்சிக்காரர்கள்தான் இருவரும். தடை வேண்டாம், மதுவைப் போல முறைப்படுத்துங்கள் என்பது அபாட்டின் வாதம். இதையும் சேர்த்து இரண்டு சிறப்புக் கூட்டத்தொடர்கள் கூட்டியும் அவைகள் ஒத்துவரவில்லை. கடைசியில் செப்டம்பர் 10 அன்று நிர்வாக ஆணை போட்டார்: 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை பார்த்துத்தான் விற்க வேண்டும். மது ஆணையமும் சுகாதாரத் துறையும் அவசர விதிகள் கொண்டுவந்தன. மது உரிமம் வைத்திருக்கும் கடை 21 வயது ஆகாதவருக்கு விற்றால் அந்த உரிமமே போகலாம்.

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காதது ஒன்று. கன்னாபினாய்டு வேப் விற்பனை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடை. வீட்டோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வேறு சட்டம். 'தடை வரலையே' என்று நிம்மதியாக வேப்பை விற்றுக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கலிஃபோர்னியாவில் கஞ்சாவே சட்டபூர்வமாயிற்றே, ஹெம்ப் டி.எச்.சி.யை ஏன் தடுத்தார்கள்?

கஞ்சா சட்டபூர்வமாக இருப்பதால்தான். டிஸ்பென்சரிக்காரர் உரிமக் கட்டணம், பரிசோதனை, 15 சதவீத கலால் வரி எல்லாம் கட்டுகிறார். தெரு முனைக் கடைக்காரர் எதுவும் இல்லாமல் அதே போதையை விற்றால் யார்தான் பொறுப்பார்? குழந்தைகள் கையில் கிடைப்பதை முன்வைத்து ஆளுநர் நியூசம் 2024 செப்டம்பரில் அவசர விதி கொண்டுவந்தார். உணவிலும் பானத்திலும் கண்டறியக்கூடிய டி.எச்.சி. சிறிதும் இருக்கக் கூடாது. 2025-இல் கையெழுத்தான சட்டம் ஹெம்ப் கன்னாபினாய்டுகளை உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளின் வலைக்குள் கொண்டுவர வழி செய்தது. குழந்தைகள் பாதுகாப்பு உண்மையான காரணம்தான். வரி அதைவிடச் சின்னக் காரணம் என்று நான் நம்பவில்லை.

மற்ற மாநிலங்கள்?

ஒவ்வொன்றும் ஒரு வழி. ஜார்ஜியாவில் 2024 அக்டோபர் முதல் பூவாக விற்பது கூடாது, கம்மியும் பானமும் 21 வயதுக்கு மேல். டென்னசி 2026 ஜனவரி 1 முதல் மேற்பார்வையை மது ஆணையத்திடம் கொடுத்து, டி.எச்.சி.ஏ. பொருட்களை வெளியேற்றுகிறது. கென்டக்கி பானத்துக்கு 12 அவுன்ஸுக்கு 5 மில்லிகிராம் என்கிறது. ஃபுளோரிடாவில் 2024-இல் நிறைவேறிய கடுமையான மசோதாவை ஆளுநர் டிசாண்டிஸ் வீட்டோ செய்துவிட்டார், ஆனால் 21 வயது விதி அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்துவிட்டது.

2026 நவம்பரோடு எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்களே?

சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 43 நாள் அரசு முடக்கத்தை முடித்துவைத்த செலவின மசோதா 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தானது. அதற்குள் ஹெம்ப்பின் வரையறையும் மாற்றப்பட்டது. மூன்று மாற்றங்கள் முக்கியம். டெல்டா-9 மட்டும் அல்ல, டி.எச்.சி.ஏ.யையும் சேர்த்து மொத்த டி.எச்.சி.யைப் பார்க்க வேண்டும். செடிக்கு வெளியே செயற்கையாக உருமாற்றியது ஹெம்ப் அல்ல, அதாவது டெல்டா-8 அவுட். வாடிக்கையாளர் கைக்குப் போகும் ஒரு டப்பாவில் மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. இவை அமலுக்கு வர ஓராண்டு அவகாசம், அதாவது 2026 நவம்பர் 12.

ஆக மத்திய அரசும் கடைசியில் சதவீதத்திலிருந்து மில்லிகிராமுக்கு வந்துவிட்டது. வந்த வேகம்தான் பயங்கரம். மினசோட்டா ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கும் 50 மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை இது. போதையே தராத, முழுச்சாறு வகை சி.பி.டி. எண்ணெய்ப் புட்டிகளில் பலவும் இந்த வரம்பில் தேறாது.

வேடிக்கை என்னவென்றால், 2018-இல் ஹெம்ப்புக்காக முன்னின்ற கென்டக்கி செனட்டர் மிட்ச் மெக்கானல்தான் இந்த மாற்றத்துக்கும் முன்னின்றார். அதே கென்டக்கியின் இன்னொரு செனட்டர் ரேண்ட் பால் இதை நீக்கக் கொண்டுவந்த திருத்தம் 76-க்கு 24 என்று தள்ளப்பட்டது. தேதியைத் தள்ளிப்போடத் தொழில்காரர்கள் முட்டிமோதுகிறார்கள். தள்ளிப்போகும் என்று நம்பிச் சரக்கு வாங்கி அடுக்காதீர்கள்.

பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தை விடுங்கள், அது விளம்பரம். பின்பக்கத்தில் ஒரு துண்டுக்கு எத்தனை மில்லிகிராம், உள்ளே எத்தனை துண்டு, பேட்ச் எண், கியூ.ஆர். குறியீடு ஆகியவை இருக்க வேண்டும். குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஆய்வக அறிக்கை நேராகத் திறக்க வேண்டும். நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போய் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அறிக்கை திறந்தால் அதிலுள்ள பேட்ச் எண்ணும் கையிலிருக்கும் பாக்கெட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு எல்லாப் பேட்சையும் ஓட்டுகிறவர்கள் உண்டு. அடுத்து, சதவீதம் மட்டும் போட்டிருந்தால் நீங்களே கணக்குப் போடுங்கள். 5 கிராம் கம்மியில் 0.21 சதவீதம் என்றால் 10.5 மில்லிகிராம். முன்பக்கம் '5 மி.கி.' என்று இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். வீரியம் மட்டும் சோதித்திருக்கிறார்களா, கரைப்பான் எச்சம், கன உலோகம், பூச்சிமருந்து ஆகியவையும் உண்டா என்றும் பாருங்கள். டெல்டா-8 என்றால் கரைப்பான் பக்கம் இல்லாத அறிக்கை வெறும் காகிதம்.

நான் கன்வீனியன்ஸ் ஸ்டோர் வைத்திருக்கிறேன். விற்கலாமா?

உங்கள் மாநிலம் அனுமதித்து, அதற்கான பதிவோ உரிமமோ எடுத்திருந்தால். சில மாநிலங்களில் மாவட்டமும் நகரமும் தனி விதி வைக்கின்றன, அதையும் கேளுங்கள். சரக்குக் கொண்டுவருபவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் உத்தரவாதத்துக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பேட்சுக்கும் அறிக்கையை வாங்கி ஃபைல் செய்யுங்கள், இன்வாய்ஸோடு சேர்த்து. வயது விதியே இல்லாத மாநிலம் என்றாலும் 21-க்குக் கீழ் விற்காதீர்கள். காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் இந்தச் சரக்கை ஏற்கின்றனவா என்று எழுத்தில் வாங்குவதும் நல்லது, பிரச்சினை வரும்போதுதான் அவர்கள் பாலிசியைப் படிப்பார்கள். அப்புறம், மிட்டாய் மாதிரி உறை போட்டதை எவ்வளவு லாபம் வந்தாலும் எடுக்காதீர்கள்.

வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியும். டெல்டா-8 ஆனாலும் டெல்டா-9 ஆனாலும், வழக்கமான சோதனை தேடுவது உடலில் டி.எச்.சி. விட்டுப்போகும் எச்சத்தை. அது ஹெம்ப்பிலிருந்து வந்ததா கஞ்சாவிலிருந்து வந்ததா என்று சோதனைக்குத் தெரியாது. சி.பி.டி. எண்ணெய் குடித்தேன் என்பது காரணமாகாது என்று போக்குவரத்துத் துறை 2020-லேயே சொல்லிவிட்டது. லாரி ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

எச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டுக்காரர்கள்?

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். குடியேற்றச் சட்டம் பார்ப்பது மாநிலச் சட்டத்தை அல்ல, மத்தியச் சட்டத்தை. மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமானாலும், அது தொடர்பான செயல் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்கு எதிராகக் கொள்ளப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாக எழுதியது. கஞ்சாத் தொழிலில் வேலை செய்வதும் அதில் அடக்கம். இன்று ஹெம்ப் என்று விற்கும் பொருள் புது வரையறை அமலாகும் நாளில் மத்தியச் சட்டப்படி கஞ்சா ஆகிவிடும். கடைக்காரர் கிரீன் கார்டுக்காரர் என்றால் அந்தத் தேதி மற்றவர்களைவிட அவருக்கு முக்கியம்.

இன்றைக்கே உள்ள ஆபத்து ஒன்று: ஹெம்ப் பூவும் கஞ்சாப் பூவும் பார்வைக்கும் வாசனைக்கும் ஒன்று. சாலையோரச் சோதனையில் போலீசாருக்கு வித்தியாசம் தெரியாது. பின்னால் வழக்கு தள்ளுபடி ஆனாலும் கைது என்று ஒரு பதிவு இருக்கும், அடுத்த விசா நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்பார்கள். அதிகாரியிடமோ படிவத்திலோ எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், நண்பரை அல்ல.

ஊருக்கு வரும்போது ஒரு பாக்கெட் கொண்டுவரலாமா?

கூடாது. இந்தியாவில் டி.எச்.சி. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அமெரிக்கப் பாக்கெட்டில் ஹெம்ப் என்று எழுதியிருப்பதற்கு சென்னை விமான நிலையத்தில் எந்த மதிப்பும் இல்லை. சிங்கப்பூர் வழியாக வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலே அங்கே குற்றம், கையில் பாக்கெட் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

வீட்டில் குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால்?

மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத நிலை என்றால் நேராக 911. மற்றபடி விஷமுறிவு மையத்துக்கு 1-800-222-1222 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். தின்றதன் வேலை தெரிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம், அதனால் 'நன்றாகத்தானே விளையாடுகிறான்' என்று காத்திருக்காதீர்கள். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், எத்தனை மில்லிகிராம் என்று கேட்பார்கள். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை டெல்டா-8 தொடர்பாக இந்த மையங்களுக்கு வந்த 2,362 சம்பவங்களில் 41 சதவீதம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சம்பந்தப்பட்டவை. வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு. என்ன தின்றது என்று தெரியாவிட்டால் காரணம் தேடிக் குழந்தைக்கு ஸ்கேன், முதுகுத்தண்டு நீர் என்று சோதனைகள் நீளும். உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.